துப்பறிந்தவர் எழுதிய துப்பறியும் நாவல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பின் ஊன்றுகோல் இல்லாமலேயே மாடிப்படி ஏறுகிறீர்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. அதைவிடவும் எனக்கு மகிழ்ச்சி தந்தது, நீங்கள் ஒரு துப்பறியும் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள் என்ற செய்தி. காவல்துறையின் குற்றப் பிரிவில் பெற்ற அனுபவம் கதை எழுதும்போது கைகொடுக்குமா, குறுக்கே நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. இந்தக் கேள்விக்குத் தன் எழுத்தாலேயே விடை சொன்ன ஒருவரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

அவர் அமெரிக்க எழுத்தாளர் டேஷியல் ஹேமட். 1894இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். குடும்ப வறுமையால் பதினான்கு வயதுக்குள் பள்ளிப் படிப்பை விட்டவர். 1915இல் பால்டிமோர் நகரில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். அது அரசுக் காவல்துறை அன்று; ஆலன் பிங்கர்ட்டன் 1850 வாக்கில் சிகாகோவில் தொடங்கிய தனியார் நிறுவனம். ஆனால் மாநில எல்லைகளைத் தாண்டிக் குற்றவாளிகளைத் துரத்த வலுவான மத்தியப் புலனாய்வு அமைப்பு இல்லாத அந்தக் காலத்தில், ரயில் கொள்ளை முதல் வங்கி மோசடி வரை காவலர்கள் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை அந்த நிறுவனத்தின் ஆட்களே செய்தார்கள். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்த ஹேமட், அங்கே பரவிய காய்ச்சலிலும் அதைத் தொடர்ந்த காசநோயிலும் உடல் நலிந்தார். மறுபடியும் துப்பறியும் வேலைக்குத் திரும்பினாலும், இரவெல்லாம் பனியில் நின்று ஒருவரைக் கண்காணிக்கும் தொழிலை அந்த நுரையீரல் தாங்கவில்லை. 1922இல் வேலையை விட்டுவிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாழ்ந்தபடி எழுத ஆரம்பித்தார். 1929க்கும் 1934க்கும் இடையில் ஐந்து நாவல்கள் வந்தன. அவற்றுள் 1930இல் புத்தகமாக வந்த ‘த மால்டீஸ் ஃபால்கன்’ நாவலைத்தான் உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

தொடக்கத்தில் அவர் எழுதியவற்றுள் ஒன்று, 1923இல் ஒரு மாத இதழில் வந்த, தன் பணிக்கால நினைவுகளின் சிறு தொகுப்பு. ஒவ்வொரு நினைவும் சில வரிகள் மட்டுமே. அவர் பின்தொடர்ந்து சென்ற ஒரு மனிதர் ஊருக்கு வெளியே உலாவப் போய் வழி தவறிவிட, ஊர் திரும்பும் வழியை இவரே அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. தெற்கே ஒரு நகரத்தின் காவல்துறைத் தலைவர், தேடப்படும் ஆளின் அடையாளங்களைக் கழுத்து மச்சம் வரைக்கும் விவரித்துவிட்டு, அவருக்கு ஒரு கைதான் உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். வீரச் செயல்களைத் தேடி அதைப் படிப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் கண்காணிப்புப் பணி பார்த்த நீங்கள் முதல் பக்கத்திலேயே தலையசைப்பீர்கள் என்று நினைக்கிறேன். பயிற்சி பெற்ற துப்பறிவாளர் மரத்துக்கு மரம் ஒளிந்து ஓடுவதில்லை, எப்போதாவது ஒருமுறை எதிராளியின் கண்ணில் பட்டுவிட்டால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்று பின்னாளில் அவர் மற்றக் கதாசிரியர்களுக்கு அறிவுரையாகவே எழுதினார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹேமட் தன் பணியிலிருந்து நாவலுக்குக் கொண்டுவந்த பெருஞ்செல்வம் வழக்குகள் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். அவர் கொண்டுவந்தது அறிக்கை எழுதும் பழக்கம். பிங்கர்ட்டன் ஆட்கள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் அன்றாடம் எழுதி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அது வாடிக்கையாளருக்கு அறிக்கையாகப் போகும். அதில் யூகத்துக்கு இடமில்லை. நீங்கள் வழக்கு நாட்குறிப்பிலும், சம்பவ இடத்தில் தயாரிக்கும் மகஜரிலும் எழுதியதும் அப்படித்தானே? குற்றம் சாட்டப்பட்டவரின் கை நடுங்கியது என்று எழுதலாம். அவர் உள்ளுக்குள் மனம் வருந்தினார் என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. இந்தக் கட்டுப்பாட்டை ஹேமட் ஒரு முழு நாவலுக்கும் விதியாக்கிக்கொண்டார். கதாநாயகனான தனியார் துப்பறிவாளர் சாம் ஸ்பேட் என்ன நினைக்கிறார் என்று ஒரு வாக்கியம்கூட அந்தப் புத்தகத்தில் கிடையாது. அவர் செய்வதும் சொல்வதும் முகம் மாறுவதும் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன.

இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். இருட்டில் தொலைபேசி மணி அடிக்கிறது. கட்டில் கம்பிச் சுருள்கள் கிறீச்சிடுகின்றன. யாரோ இறந்துவிட்டதாக அறிந்துகொள்ளும் ஒரு குரல் நமக்குக் கேட்கிறது. விளக்கு எரிந்ததும் கடிகாரத்தில் மணி இரண்டு ஐந்து. கொல்லப்பட்டவர் ஸ்பேடின் தொழில் கூட்டாளி மைல்ஸ் ஆர்ச்சர். ஸ்பேட் அழவில்லை, திடுக்கிடவும் இல்லை. காகிதத்தில் புகையிலையைப் பரப்பி, நிதானமாக ஒரு சிகரெட் சுற்றுகிறார். அந்த விரல்களின் ஒவ்வோர் அசைவையும் ஹேமட் பொறுமையாக எழுதிச் செல்கிறார். பிறகு கொலை நடந்த சந்துக்குப் போகிறவர், பிணத்தைப் போய்ப் பார்க்க மறுத்துவிடுகிறார். மறுநாள் அலுவலகக் கதவிலிருந்து இறந்தவர் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார். இறந்தவரின் மனைவியோடு அவருக்குத் தகாத உறவு இருந்ததும் இதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த மனிதருக்குத் துக்கம் உண்டா இல்லையா என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்வதில்லை. அதைப் பக்கம் பக்கமாக நாமே விசாரிக்க வேண்டியிருக்கிறது. கொலையாளி யார் என்பதைவிட இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் படிக்க வைத்தது.

கொலை மர்மம் அவிழும் இடத்திலும் ஹேமட்டின் பழைய தொழில்தான் பேசுகிறது. முடிவை முன்கூட்டியே சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். நீங்கள் எழுத்தாளராகப் படிக்கப் போகிறவர், உங்களுக்கு இது தெரிந்திருப்பதே நல்லது. ஒரு பெண் வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி ஆர்ச்சர் ஓர் ஆளைப் பின்தொடர்ந்து போனார் என்பது கதை. பிணத்தைப் பார்த்த காவலர் ஸ்பேடிடம் இரண்டு விவரங்களைச் சொல்கிறார்: ஆர்ச்சரின் துப்பாக்கி இடுப்பிலேயே இருந்தது, மேல் கோட்டின் பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. பல ஆண்டு அனுபவமுள்ள துப்பறிவாளர், தான் பின்தொடரும் ஆளை நம்பி, துப்பாக்கியை எடுக்க வழியில்லாமல் கோட்டைப் பூட்டிக்கொண்டு, மறுபக்கம் வழியில்லாத இருட்டுச் சந்துக்குள் இறங்குவாரா? இறங்கமாட்டார். தெரிந்த ஒருவர், அதிலும் அவர் ஆசைப்பட்ட ஒரு பெண் அழைத்தால் இறங்குவார். அந்த வாடிக்கையாளரே கொலையாளி. ரேகையும் இல்லை, ரசாயனச் சோதனையும் இல்லை. மனிதரைப் பின்தொடர்ந்து பழகியவருக்கு மட்டுமே கண்ணில் படும் தடயம் அது. அதை இரண்டாம் அத்தியாயத்திலேயே நம் முன் வைத்துவிட்டு, கடைசி அத்தியாயம் வரை ஹேமட் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. உங்கள் அனுபவம் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். பரபரப்பான வழக்கு ஒன்றை அப்படியே தூக்கி வைப்பதைவிட, உங்கள் தொழிலில் இருந்தவருக்குத் தானாகத் தெரிவதும் வெளியாருக்குத் தோன்றவே தோன்றாததுமான இப்படிப்பட்ட ஒரு சிறு விவரம் ஆயிரம் மடங்கு உயர்ந்தது.

தெரிந்த மனிதர்களைப் பாத்திரங்களாக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1934இல் இந்த நாவலின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், பாத்திரங்கள் பலவற்றையும் தான் பணியில் சந்தித்தவர்களிடமிருந்து எடுத்ததாக ஹேமட் கூறுகிறார். ஜோயல் கெய்ரோ என்ற பாத்திரத்துக்கு மூலமாக இருந்தவர், 1920இல் வாஷிங்டன் மாநிலத்தில் கள்ளக் கையொப்ப வழக்கில் அவர் பிடித்த ஆள். நாவலின் பருத்த வில்லன் கட்மனுக்கு மூலம், போர்க்காலத்தில் ஜெர்மன் உளவாளி என்று வீணாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவர்; தான் பின்தொடர்ந்தவர்களில் அவரைப்போல் சலிப்பூட்டியவர் வேறு யாரும் இல்லை என்கிறார். ஆனால் சாம் ஸ்பேடுக்கு மட்டும் மூலம் இல்லையாம். தன்னோடு வேலை பார்த்த துப்பறிவாளர்கள் எப்படி இருக்க ஆசைப்பட்டார்களோ, அந்தக் கனவு மனிதர்தான் ஸ்பேட் என்கிறார். மற்றவர்களை நினைவிலிருந்து எழுதியவர், தன் தொழிலைச் சேர்ந்த மனிதரைக் கற்பனையிலிருந்து எழுதினார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் கதாநாயகர் நீங்களாகவே இருந்துவிடக் கூடாது என்று நான் முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதில் கடினமான பகுதி ஒன்றும் உண்டு. அதையும் எழுதாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். பிங்கர்ட்டன் நிறுவனம் திருடர்களை மட்டும் பிடிக்கவில்லை. தொழிற்சங்கங்களுக்குள் ஒற்றர்களை அனுப்புவதும் வேலைநிறுத்தங்களை உடைப்பதும் அதன் பெரிய வருமானமாக இருந்தன. 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் அதன் ஆட்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. 1917இல் மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரில் ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை முகமூடிக் கும்பல் இழுத்துச் சென்று தூக்கிலிட்டது. அவரைக் கொல்லத் தனக்கு ஐயாயிரம் டாலர் பேசப்பட்டதாக ஹேமட் தன்னிடம் சொன்னதாக, அவருடைய நெடுநாள் துணைவியார் லில்லியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். ஆய்வாளர்கள் சிலர் இதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் 1929இல் வந்த முதல் நாவலான ‘ரெட் ஹார்வெஸ்ட்’ பியூட் போன்ற ஒரு சுரங்க நகரில்தான் நடக்கிறது என்பதில் ஐயம் இல்லை. வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி வரவழைத்த அடியாட்களே ஊரைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதைத் துடைக்க வரும் பெயரற்ற துப்பறிவாளர், ஒருவரோடு ஒருவரை மோதவிட்டுப் பிணங்களைக் குவித்தபின், இந்த ஊரின் நஞ்சு தனக்குள்ளும் ஏறிவிட்டதோ என்று அஞ்சுகிறார். சட்டத்தின் பெயரால் கையில் அதிகாரம் வைத்திருந்தவர், அந்த அதிகாரம் தன்னை என்ன செய்தது என்று கேட்டுக்கொண்ட புத்தகம் அது. துறையில் நீங்கள் கண்டும் பேசாமல் விட்டவை இருக்கும். பெயர்களை எழுத வேண்டாம், ஊரை மாற்றிவிடுங்கள். ஆனால் அந்தப் பாரம் நாவலுக்குள் எங்கேயாவது இருக்க வேண்டும் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

1934க்குப் பிறகு இறக்கும்வரை, அதாவது 1961 வரை, ஹேமட் வேறு நாவல் எழுதி முடிக்கவில்லை. 1951இல், கைதானவர்களை ஜாமீனில் எடுக்கத் தான் பொறுப்பு வகித்த ஒரு பிணைநிதிக்குப் பணம் தந்தவர்களின் பெயர்களை நீதிமன்றத்தில் சொல்ல மறுத்து, ஐம்பத்தேழு வயதில் நோயுற்ற உடலோடு சிறைக்குப் போனார்.

புத்தகம் கைக்குக் கிடைத்ததும் கடைசி அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். கொலை செய்த அந்தப் பெண்ணை ஒருவேளை தான் நேசிக்கலாம் என்று ஸ்பேட் சொல்கிறார். ஆனாலும் காவலரிடம் ஒப்படைக்கிறார். கூட்டாளி கொல்லப்பட்டால், அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அவர் அடுக்கும் காரணங்களில் முதலாவது. கொலையாளியைத் தப்பவிடுவது தொழிலுக்கே கேடு என்பது அடுத்தது. இவற்றையெல்லாம் கேட்டு அறிந்தபின், அவரிடம் மிகுந்த பற்று வைத்திருந்த அலுவலக உதவியாளர் எஃபிகூட, நீங்கள் செய்தது சரி என்று ஒப்புக்கொண்டே, தன்னைத் தொடாதீர்கள் என்று விலகிவிடுகிறார். எனக்கு எஃபியின் பக்கமே மனம் சாய்கிறது. கைது செய்து நிறுத்திப் பழகிய உங்களுக்கு ஸ்பேட் பக்கம் நியாயம் தெரியலாம். எது எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். உங்கள் நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களைத் திருத்தம் பார்க்காமலேயே அதோடு சேர்த்து அனுப்பிவையுங்கள். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்