தொலேதோ அவையை வெட்டாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

உன் நாடகப் பிரதியைப் படித்து முடித்தேன். ஸ்பெயினின் பழைய சித் காவியத்தையும் பிரெஞ்சு நாடகாசிரியர் கோர்னேயின் 'ல சித்'தையும் ஒரே இரவில் மேடையேற்றப் போகிறாய். துணிச்சலான வேலை, செய்யத் தகுந்த வேலை. ஆனால் தொலேதோ நகரில் மன்னன் கூட்டும் அவையில் சித் நீதி கேட்கும் காட்சியை இரண்டு பக்கமாகச் சுருக்கி, பணக்கணக்கை எடுத்துவிட்டு, நேரே வாள் சண்டைக்குப் போய்விட்டாய். காவியம் மொத்தம் ஏறத்தாழ 3,730 அடிகள். அதில் அவைக்கு 400 அடிகளுக்கு மேல், சண்டைக்கு 200கூட இல்லை. பாடியவனுக்கு எது முக்கியம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இதே தவறு வேறு பிரதிகளிலும் நடக்கக்கூடியது என்பதால் கடிதத்தைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அவை தொடங்குமுன் பார்வையாளருக்குச் சில விஷயங்கள் பதிந்திருக்க வேண்டும். மன்னன் ஆறாம் அல்போன்சோ கோள் சொல்வோரை நம்பி, சித் என்று அழைக்கப்படும் நாயகன் ரொத்ரிகோவை நாடு கடத்துகிறான். ஒன்பது நாள் கெடு. புர்கோஸ் நகரில் ஒரு கதவும் திறக்கவில்லை. இடம் கொடுத்தால் சொத்தும் போகும், கண்ணும் போகும் என்று அரச ஓலை வந்திருக்கிறது. அதை வெளியே வந்து சொல்பவள் ஒன்பது வயதுச் சிறுமி. மனைவி ஹிமேனாவையும் இரண்டு பெண்களையும் மடத்தில் விட்டுக் கிளம்பும்போது, சதையிலிருந்து நகம் பிரிவதுபோல் பிரிந்தார்கள் என்கிறது காவியம். இந்த வரியை ஏன் நீக்கினாய்? தமிழ்க் காதுக்கு இதைவிடப் பக்கத்தில் வரும் வரி அந்த நூலில் வேறு இல்லை.

அடுத்து குதிரைகள். வென்ற செல்வத்திலிருந்து மன்னனுக்கு முதலில் 30, பிறகு 100, பிறகு 200 குதிரைகளை அனுப்புகிறான் சித். 'காணிக்கை அனுப்பினான்' என்று நீ ஒரே வரியில் முடித்திருக்கிறாய். எண்களை மேடையில் உரக்கச் சொல்ல வை. அவன் கெஞ்சவும் இல்லை, கலகம் செய்யவும் இல்லை. அநீதி செய்தவனை ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தனக்குக் கடன்படச் செய்கிறான். காரியோன் குடும்பத்துச் சகோதரர்கள் ஃபெர்னாந்தோவுக்கும் தியேகோவுக்கும் பேராசை மூள்வதும் இந்தக் குதிரைகளைப் பார்த்துத்தான். சித்தின் பெண்களைக் கட்டினால் வளம் சேரும். ஆனால் நாம் பிரபு வம்சம், அவன் விவார் ஊர்க்காரன், வெளியே சொல்லக் கூசுகிறதே என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பணத்துக்காகக் கீழே இறங்கி வருகிறோம் என்ற அந்த நினைப்பிலிருந்துதான் பின்னால் வரும் கொடுமை முழுவதும் முளைக்கிறது.

சம்பந்தத்தை மன்னன் பேசி முடிக்கிறான். சித்துக்கு விருப்பமில்லை. "என் பெண்களுக்கு நீங்கள்தான் மணம் முடிக்கிறீர்கள், நான் கொடுக்கவில்லை" என்கிறான். வழக்கு முழுவதும் நிற்பது இந்த வாக்கியத்தின் மேல். இது இல்லாவிட்டால், அவமானம் மன்னனையும் சேரும் என்று அவன் பின்னால் வாதிடவே முடியாது.

கோர்பெஸ் காட்டில் கணவன்மார் அந்தப் பெண்களைச் சேணவாராலும் குதிமுள்ளாலும் அடித்துச் செத்தார்கள் என்று விட்டுப்போவதை மேடையில் காட்டாதே. ஒன்றுவிட்ட சகோதரன் ஃபேலெஸ் முன்யோஸ் தன் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து கொடுப்பதைக் காட்டு, போதும். பெண்கள் வீடு திரும்பும்போது தந்தை சித் "குடும்ப மானம் போச்சே" என்று அலறுவதாக எழுதியிருக்கிறாய். மூலத்தில் அவன் முகம் மலர்ந்து அவர்களை முத்தமிடுகிறான். மறுக்கத் துணியாமல்தான் அந்தச் சம்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டேன், இனி நல்ல இடத்தில் கொடுப்பேன் என்கிறான். அந்தப் பெண்கள்மேல் களங்கம் என்று எவரும் பேசுவதில்லை. நம் ஊர் மேடையில் இது முழுதாகக் கேட்க வேண்டும். அலறலை எடுத்துவிடு.

இனி அவை. சித் பழிவாங்கப் படை திரட்டவில்லை. மன்னனிடம் நீதி கேட்கிறான். வரும்போது நீண்ட தாடியைக் கயிற்றால் கட்டியிருக்கிறான், ஏனென்றால் தாடியைப் பிடித்து இழுப்பது பெரிய அவமானம். கூட வரும் நூறு பேர் அங்கிக்குள் கவசமும் வாளும் மறைத்திருக்கிறார்கள்.

முதல் கோரிக்கை: நான் கொடுத்த கொலாதா, திஸோன் என்ற இரண்டு வாள்களைத் திருப்பித் தரட்டும். எதிர்த்தரப்பு தனியே கூடிப் பேசி, பெண்கள் விவகாரத்தை எடுக்கவில்லை, இதோடு முடிந்தது என்று மகிழ்ந்து கொடுத்துவிடுகிறது. உடனே இரண்டாவது: சீராகக் கொடுத்த 3,000 மார்க் வரட்டும். மார்க் என்பது ஏறத்தாழ 230 கிராம் எடை. மொத்தம் 700 கிலோவுக்குச் சற்றுக் குறைவான பொன்னும் வெள்ளியும். அது செலவாகிவிட்டது. குதிரை, கோவேறு கழுதை, வாள் என்று பொருளாகக் கட்டுகிறார்கள். அதுவும் போதாமல் அடுத்தவரிடம் கடன் வாங்குகிறார்கள். அவை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் மூன்றாவது: என் பெண்களுக்குச் செய்ததற்கு வாள்முனையில் பதில் சொல்லட்டும்.

வரிசையை மாற்றினால் காட்சி செத்துவிடும். மானத்தை முதலில் எழுப்பியிருந்தால் வாளும் பொன்னும் அவர்களிடமே தங்கியிருக்கும். வாளையும் சீரையும் திருப்பிக் கொடுத்தபோதே மண உறவை முறித்தவர்கள் தாங்கள் என்று அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. திரும்பி வந்த அந்த இரண்டு வாள்களைத்தான் சித் தன் ஆட்களிடம் கொடுத்து அதே சகோதரர்களுக்கு எதிராக இறக்குகிறான்.

இந்த இடத்தில் சித்தின் வீரன் பேரோ பெர்முதேஸை நன்றாக எழுது. திக்குவாய்க்காரன், ஊமைப் பேரோ என்றே சித் கூப்பிடுகிறான். சொல் தொண்டையில் சிக்குகிறது. வந்துவிட்டால் நிற்காது. போரில் ஃபெர்னாந்தோ ஓடியதையும், எதிரியை வீழ்த்தியவன் தானாக இருந்தும் பெருமையை அவனுக்கு விட்டுக்கொடுத்ததையும் உடைத்துவிட்டு, "கையில்லாத நாக்கே, நீயா பேசுகிறாய்?" என்கிறான். பின்னாலேயே சகோதரர்களின் உறவான அசுர் கொன்ஸாலெஸ் உண்ட முகம் சிவக்க, அங்கி தரையில் இழுபட வருகிறான். சித் போய்த் தன் ஆலையைப் பார்க்கட்டும், மாவுக்கூலி வாங்கட்டும் என்கிறான். சாதித் திமிர் இவ்வளவு பச்சையாக வெளிப்படும் இடம் காவியத்தில் வேறில்லை. இரண்டு பேச்சையும் நீ வெட்டியிருக்கிறாய்.

நாயகனின் அநீதியையும் மறைக்காதே. நாட்டைவிட்டுப் போகையில் சிவப்புத்தோல் போர்த்திய இரண்டு பெட்டிகளில் மணலை நிரப்பி, பொன் என்று சொல்லி, ராக்கேல், வீதாஸ் என்ற வட்டிக்காரர்களிடம் 600 மார்க் வாங்குகிறான். யூதர்கள் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். பின்னால் அவர்கள் வந்து கேட்கும்போது ஒரு வாய்ச்சொல் கிடைக்கிறது. கடன் தீர்ந்ததாகக் காவியம் சொல்லவே இல்லை. இதைச் சிரிப்புக் காட்சியாக்கினால், பைசா பாக்கியின்றி வசூலிக்கும் தொலேதோ காட்சிக்குப் பாதி வலு போய்விடும்.

கோர்னே வேறு உலகம். 1637 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறிய நாடகம். இளவரசனின் ஆசான் பதவி தனக்குக் கிடைக்காத ஆத்திரத்தில் கோமான் ஒருவன் முதியவர் தோன் தியேக்கை அறைகிறான். மகன் ரொத்ரீக் அந்தக் கோமானைக் கொல்கிறான். ரொத்ரீக் காதலிக்கும் ஷிமேனின் (ஹிமேனாவின் பிரெஞ்சு வடிவம்) தந்தைதான் அந்தக் கோமான். பிரான்சில் 1626லேயே இருவர் சண்டைக்கு எதிராகக் கடும் ஆணை வந்து, அடுத்த ஆண்டு அதை மீறிய பிரபு ஒருவரின் தலையும் போயிருந்தது. பார்த்தவர்களுக்கு அந்த அறை வெறும் கதையாக இருந்திருக்காது. மன்னனிடம் இருமுறை நீதி கேட்கும் ஷிமேனுக்குக் கிடைப்பது தவணைதான். ஷிமேனின் தந்தையை நாயகன் கொல்லும் கதை பழைய காவியத்தில் கிடையாது, பிற்காலத்தில் சேர்ந்தது. ஆகவே காவியத்தின் ரொத்ரிகோவையும் கோர்னேயின் ரொத்ரீக்கையும் ஒரே ஆளாக ஒட்டாதே, ஒரே நடிகருக்கும் கொடுக்காதே. கோர்னேயை இடைவேளைக்கு முன் வை, காவியத்தைப் பின்னால் வை.

கடைசிச் சண்டையில் நீ இரண்டு சகோதரர்களையும் கொன்றுவிட்டாய். மூலத்தில் ஒருவரும் சாவதில்லை. திஸோன் ஓங்கப்பட்டதைக் கண்டதுமே ஃபெர்னாந்தோ தோல்வியை ஒப்புக்கொள்கிறான். தியேகோ கொலாதாவுக்கு அஞ்சி எல்லைக்கல்லைத் தாண்டி ஓடுகிறான். அசுர் ஈட்டி பாய்ந்து விழ, அவன் தந்தையே போதும் என்கிறார். சித் அங்கே இல்லவே இல்லை, தான் வென்ற வலென்சியா நகருக்குப் போய்விட்டான். வென்றவர்களை வழியில் யாரும் மறைந்து தாக்காமலிருக்க மன்னன் இரவிலேயே அனுப்பிவைக்கிறான். சண்டைப் பயிற்சிக்கு ஒதுக்கிய நாட்களில் பாதியைப் பேரோவின் பேச்சுக்கு மாற்று. அவையைத் திருத்தி எழுதியதும் அந்தப் பக்கங்களை மட்டும் முதலில் அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்