மாதக் கடைசிக்குள் கிளம்பு

அன்புள்ள முருகு,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது அவசரம். நீ பதிவு போடும் மாஸ்டடான் சமூக வலைத்தளத்தில் உன் கணக்கு இருக்கும் சர்வரை மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம், பரமு சொன்னான். அறிவிப்பை நீ படித்திருக்க மாட்டாய் என்று தெரியும்.

மாஸ்டடான் எப்படி மூடும் என்று கேட்பாய். மாஸ்டடான் மூடவில்லையடா, உன் சர்வர்தான் மூடுகிறது. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனிச் செலவு. மின்னஞ்சல் போல ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. உன் பெயரோடு சர்வர் பெயரும் ஒட்டியிருப்பது அதனால்தான். பயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவே தன் மாஸ்டடான் சர்வரை 2024 டிசம்பரில் இழுத்து மூடியது.

இன்றைக்கே பழைய கணக்கில் இரண்டு வேலை. பதிவுகளின் காப்பகத்தைக் கேள். தயாராக நேரமாகும், ஏழு நாளுக்கு ஒருமுறைதான் தருவான். நீ பின்தொடர்வோர், தடுத்தவர்கள், புத்தகக்குறிகள் எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற பட்டியல் கோப்புகளாக இறக்கிக்கொள்.

அடுத்து வேறு சர்வரில் புதுக் கணக்கு. ஜாயின்மாஸ்டடான் தளத்துப் பட்டியலில் பார்; அதிலுள்ளவர்கள் மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே சொல்வதாகவும் தினமும் நகலெடுப்பதாகவும் வாக்குக் கொடுத்தவர்கள். பரமு கைகாட்டும் இடத்துக்கு மறுபடி போகாதே. ஒருமுறை மாறினால் 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது.

சிஎஸ்வி கோப்புகளைப் புதுக் கணக்கில் ஏற்று. பிறகு அதன் அமைப்புகளில், வேறு கணக்கிலிருந்து வருவதற்கான பகுதியில், பழைய முகவரியை சர்வர் பெயரோடு முழுதாக எழுது. அதன்பின்தான் பழைய கணக்குக்குப் போய், புது முகவரியும் பழைய கடவுச்சொல்லும் கொடுத்து இடமாற்றத்தை அழுத்த வேண்டும். வரிசை மாறினால் ஏற்காது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதற்குப் புதுக் கணக்கில் நீ எழுதிய பழைய முகவரிதான் சாட்சி.

உன்னைப் பின்தொடர்கிறவர்களுக்கு 'இவர் மாறிவிட்டார்' என்று சொல்லி அனுப்புவது பழைய சர்வர்தான். அது அணைந்தபின் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இப்படிக் குதிக்கிறேன். எண்ணிக்கை உடனே ஏறாது, கொஞ்சம் கொஞ்சமாக வரும். எல்லோரும் வருவார்கள் என்றும் எதிர்பார்க்காதே.

பதிவுகள் மட்டும் உன்னோடு வராது. காப்பகம் உன் கணினியில் கிடக்கும், புது சர்வரில் ஏற்ற வழியில்லை. கத்தரிக்காய்ப் படங்கள் அத்தனையும் போச்சு. ஊருக்கு நிம்மதி.

ஒன்று சொல்ல மறந்தேன். மாஸ்டடானில் தனிச்செய்திக்கு மறையாக்கம் கிடையாது; நிர்வாகி நினைத்தால் படிக்கலாம். அதில் மூன்றாம் ஆள் முகவரியைக் குறிப்பிட்டால் அவருக்கும் செய்தி போய்விடும். பரமுவைப் பற்றிப் புலம்பும்போது அவன் முகவரியை எழுதித் தொலைக்காதே.

புது முகவரி கிடைத்ததும் அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேது