மணியையும் கூட்டிக்கொண்டு மலையேறினோம்

கிருஷ்ணகிரி,
புரட்டாசி முதல் வாரம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. மாங்காய்ப் பருவம் உனக்குத் தெரியாததா? அறுப்பு, லோடு, கூழ் ஃபேக்டரி வாசலில் வண்டிகளின் வரிசை என்று ஆனி ஆடி போனதே தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அமெரிக்காவில் தாஹோ ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஆர்.வி.யில், அதுதான் படுக்கை சமையலறையெல்லாம் உள்ள அந்த வீட்டு வண்டியில், இரண்டு நாய்களோடு போய்வந்ததை எழுதியிருந்தாயே, அதை இவருக்கும் படித்துக் காட்டினேன். ஏரியின் ஆழம் 500 மீட்டருக்கு மேல் என்ற இடத்தில் அவர் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையை நினைத்துக்கொண்டார். நான் அசந்துபோனது வேறு இடத்தில். வண்டியை நிறுத்துகிற இடத்திலேயே கரண்ட், தண்ணீர், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வசதி, கூடவே நாயும் போகலாம் என்று எழுதியிருந்தாய். எங்கள் நாய் மணியை யாரிடம் விடுவது என்று பன்னிரண்டு வருஷமாக ஒரு கல்யாணத்துக்குக்கூட நாங்கள் சேர்ந்து போனதில்லை. அவனையும் கூட்டிக்கொண்டே போகலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை, பார். அவனுக்கு இப்போது பின்னங்கால் வலி. இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போகிறான்? ஆவணியில் கிளம்பிவிட்டோம்.

வண்டி எங்கள் பழைய ஆம்னிதான். பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டோம். மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு குடம் தண்ணீர், மணி, எங்கள் இன்னொரு நாய் செவலை. கால்நடை டாக்டரிடம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு அட்டையை வாங்கிக்கொண்டோம். மலை ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டதால் பிழைத்தோம்.

முதலில் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வையும் உண்டு, உங்கள் தகடூர் அதியமானும் உண்டு. நெல்லிக்கனிக் கதையை நீ நாடகமாக நடித்தது ஞாபகம் வந்தது. 796 சிசி எஞ்சின் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தானே, எனக்குத் தொடை சுட்டது. செவலை எச்சில் ஒழுக விட்டுக்கொண்டே என் தோளில் தாடையை வைத்திருந்தாள். மணியோ ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டி, வளைவுக்கு வளைவு மாறும் வாசனையை முகர்ந்துகொண்டே வந்தான்.

மறுநாள் விடிகாலை புங்கனூர் ஏரிக்கரை. ஆளே இல்லை. மணி தண்ணீர் ஓரம் போய் முன்னங்காலை நனைத்தான், எடுத்தான், மறுபடி நனைத்தான். பிறகு வயிறு நனைய உட்கார்ந்துவிட்டான். வீட்டில் படி ஏறத் தயங்குகிறவன் அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அவன் காது மடலில் பனித்துளி நின்றதுகூட எனக்குக் கண்ணில் இருக்கிறது. படகு ஓடும் நேரத்துக்கு முன்பே நாங்கள் கிளம்பிவிட்டோம். அந்தக் காலையே எங்களுக்குப் போதும்.

பிறகு திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம் போய் ஏற்காடு ஏறினோம். பகலில் வெயில் சுள்ளென்று இருந்ததால் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதெல்லாம் ஒருவர் நாய்களோடு மரத்தடியில், ஒருவர் ஓட்டலில். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பத்து நிமிஷத்தில் சூடு ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் போதாது. இதில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்.

ஏற்காட்டில்தான் மனசு நொந்தது. நாய் வரலாம் என்று போனில் சொன்ன விடுதியில், வாசலில் மணியைப் பார்த்ததும் நாட்டு நாய்க்கு இடமில்லை என்றார்கள். அதே வாசலில் ஒரு லாப்ரடார் படுத்திருந்தது. இவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு டீக்கடை அம்மாதான் தன் வாசலில் நிறுத்தச் சொன்னார். "நாயை ராத்திரி வெளியே கட்டாதீங்க கண்ணு, காட்டுமாடு வரும்" என்றார். நான்கு பேரும் ஆம்னிக்குள் படுத்தோம். குளிர் ஏற ஏற மணி ஊர்ந்துபோய், எஞ்சினின் மிச்சச் சூடு இருந்த முன் சீட்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டான். இவர் தன் வேட்டியை நான்காக மடித்து அவன் இடுப்பில் போர்த்தினார். அப்படியொரு தூக்கம் நான் தூங்கிப் பல வருஷம் ஆகிறது.

காலையில் ஏரியே தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள். அன்றைக்கு இரண்டையும் நாய்கள்தான் மூக்கால் பார்த்தன. தொப்பூர் வழியாகத் தருமபுரி தாண்டும்போது உன் பழைய வீட்டுத் தெருவுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தேன். வேப்பமரம் இருக்கிறது.

அடுத்து கொடைக்கானல் என்கிறார் இவர். 1863-இல் வெட்டிய அந்த நட்சத்திர ஏரியை நான் பார்த்ததே இல்லை. 2024 மே மாதத்திலிருந்து அங்கே இ-பாஸ் எடுக்க வேண்டும், அது பெரிய வேலையில்லை. 2,100 மீட்டர் உயரத்துக் குளிர்தான் யோசனை. மார்கழி கழியட்டும், தை பிறந்த பின் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆம்னியின் கதவை இழுக்கும் சத்தம் கேட்டாலே மணி அந்த வலிக்காலோடு ஓடி வந்து நிற்கிறான்.

உன் நாய்களுக்குக் குளிருக்கு என்ன போர்த்துகிறாய்? கால் வலிக்கு ஏதாவது கொடுக்கிறாயா? விவரமாக எழுது.

அன்புடன்,
உன் தோழி