பொருள்: பழைய பேக்கப்பை ஏற்றியதால் எங்களுக்கு வரவேண்டிய மெயில்கள் திரும்பிப் போனது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்த விஷயமாக நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. முதல் ஆறையும் டிக்கெட்டாகப் போட்டேன். நான்கை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள், இரண்டுக்கு இன்னும் பதிலே இல்லை. அதனால்தான் இந்த முறை நேராக உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து இதையும் முதல்நிலை சப்போர்ட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள். அங்கே சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் 42 மெயில்பாக்ஸ்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வது நான்தான். சர்வர் உங்களுடையது. மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியைத் திறந்து காட்டும் டவ்காட்டும் நீங்கள் நிறுவியவை. யூசர்கள், பாஸ்வேர்டுகள், ஃபார்வர்டுகள் எல்லாம் இருக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் உங்கள் கையில்தான். பேனலில் மெயில்பாக்ஸ் சேர்க்கலாம், சர்வரின் பதிவேடான லாக்கைப் பார்க்கலாம், அதற்குமேல் எனக்கு அனுமதி கிடையாது. போன வாரம் திங்கட்கிழமை இரவு டேட்டாபேஸை அப்கிரேடு செய்யப்போவதாக நீங்களே அறிவித்தீர்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு மெயில் வருவது நின்றது. எங்கே தேட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா?

லாக்கில் இருந்த இரண்டு வரிகளை முதல் டிக்கெட்டிலேயே ஒட்டியிருந்தேன். ஒன்று, வெளியிலிருந்து மெயில் கொண்டுவந்த சர்வருக்கு உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் சொன்ன பதில்: 451 4.3.0, டெம்பரரி லுக்கப் ஃபெயிலியர், அதாவது இப்போது முகவரியைத் தேடிப் பார்க்க முடியவில்லை, பிறகு வா. இன்னொன்று அதற்கு நேர்மேலே இருந்த எச்சரிக்கை: டூ மெனி கனெக்‌ஷன்ஸ். காரணமே அங்கே எழுதி வைத்திருக்கிறது. டேட்டாபேஸ் சாகவில்லை, அதன் வாசலில் கூட்டம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு உங்களிடமிருந்து வந்த பதில், "அவுட்லுக்கை மூடித் திறந்து பாருங்கள்."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இதே கதை. காலையில் கூட்ட நேரத்தில் நிற்கும், மதியம் தேறும், இரவில் நன்றாக ஓடும். உங்கள் இரண்டாம்நிலை இன்ஜினியர் ராத்திரி பதினொரு மணிக்கு, டேபிளில் தேடிப் பார்க்கும் போஸ்ட்மேப் கட்டளையில் ஒரே ஒரு முகவரியைக் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வந்தது, எங்கள் பக்கம் சரி என்று எழுதி டிக்கெட்டை மூடினார். ஒற்றை ஆள் ராத்திரி போய்க் கதவைத் தட்டினால் திறக்கத்தான் செய்யும். காலைக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்பதல்லவா கேள்வி? புதன்கிழமை காலையிலேயே பாருங்கள் என்று கெஞ்சினேன். பார்த்தார்கள். நிர்வாகி கணக்கான ரூட்டாக டேட்டாபேஸுக்குள் போக முடிந்தது, ஆகவே பிரச்சினை இல்லை என்றார்கள். எண்ணிக்கை நிரம்பிவிட்டாலும் நிர்வாகி உள்ளே வருவதற்கென்று மைஎஸ்கியூஎல் ஒரு இணைப்பைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும். சர்வர் விற்கிற உங்களுக்கு இதை வாடிக்கையாளர் சொல்ல வேண்டுமா?

வியாழக்கிழமை மாலை வந்த அழைப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாதது அதுதான். கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மைஎஸ்கியூஎல்லில் இணைப்பு உச்சவரம்பு இயல்பாக 151. போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் வாங்குவதற்கு இயல்பாக 100 எஸ்எம்டிபி ப்ராசஸ் வரை திறக்கும். டொமைன், மெயில்பாக்ஸ், ஃபார்வர்டு என்று மூன்று டேபிள்கள். இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ப்ராக்ஸிமேப் வழியாகப் போகாவிட்டால் ஒவ்வொரு ப்ராசஸும் டேபிளுக்கு ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், அதுவே 300. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டவ்காட்டின் ஆத் வொர்க்கர்கள் தனி. முன்பு உச்சவரம்பை நீங்கள் கூட்டி வைத்திருந்திருப்பீர்கள், அப்கிரேடில் அந்த கான்ஃபிக் ஃபைல் போய்ப் பழைய இயல்பு மதிப்பு வந்திருக்கும், அதைப் பாருங்கள் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் குறுக்கிட்டு, "மேடம், இதெல்லாம் பெரிய சப்ஜெக்ட். அங்கே டெக்னிக்கலா தெரிஞ்ச ஜென்ட்ஸ் யாராவது இருந்தா போனைக் கொடுங்க" என்றார்.

நான் 11 வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். பக்கத்தில் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று உங்கள் குரல்தான் முதலில் சொல்கிறது, அந்தப் பதிவைக் கேளுங்கள். நான் எங்கேயாவது குரல் உயர்த்தினேனா, தகாத வார்த்தை ஒன்றாவது சொன்னேனா என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கடைசியில், "பாஸ்வேர்டு டேபிள் கரப்ட் ஆகியிருக்கும், நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். கரப்ட் என்பதற்கு லாக்கில் ஒரு எழுத்து கூடக் கிடையாது.

அன்று இரவு 8 மணிக்கு உங்கள் ஆட்கள் எங்களைக் கேட்காமல் யூசர் டேபிளையும் ஃபார்வர்டு டேபிளையும் 23 நாள் பழைய பேக்கப்பிலிருந்து ஏற்றினார்கள். பதினொரு மணிக்கு, தீர்க்கப்பட்டது என்று மெயில் அனுப்பினார்கள்.

அந்த 23 நாளில் நாங்கள் புதிதாகச் சேர்த்த மெயில்பாக்ஸ்கள் 9. அவை டேபிளில் காணாமல் போயின. இதற்குப் பொருள் என்ன என்று உங்கள் ஆட்களுக்கு உறைக்கவே இல்லை என்பதால் விவரமாகச் சொல்கிறேன். டேட்டாபேஸ் பதிலே சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் 451 என்று சொல்லும். அனுப்பிய சர்வர் மெயிலைத் தன் க்யூவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். போஸ்ட்ஃபிக்ஸே இயல்பாக 5 நாள் முயலும், மெயிலுக்கான பொது விதிமுறையான ஆர்எஃப்சி 5321-உம் 4, 5 நாளாவது முயலச் சொல்கிறது. ஆனால் டேட்டாபேஸ் நன்றாக எழுந்து உட்கார்ந்து, அப்படி ஒரு ஆள் இல்லை என்று பதில் சொன்னால் போஸ்ட்ஃபிக்ஸ் அதை நம்பும். 550 5.1.1, யூசர் அன்னோன். அத்தோடு முடிந்தது. அனுப்பிய சர்வர் இரண்டாவது முறை வராது. அனுப்பியவருக்கு, இந்த முகவரியே கிடையாது என்று ஒரு திருப்பு மெயில் போய்ச் சேரும்.

மூன்று நாள் தாமதத்தை நான் பொறுத்திருப்பேன், சத்தியமாகப் பொறுத்திருப்பேன். செவ்வாயிலிருந்து நின்ற மெயில்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன. அந்த 9 பேருக்கும் ஒன்றுகூடத் தொலையவில்லை. தொலைத்தது நீங்கள் செய்த ரிப்பேர். வெள்ளிக்கிழமை காலை சர்வர் திணறிய நேரத்தில் அவர்களுக்கு வந்து 451 வாங்கிக்கொண்டு போன மெயில்களில், அன்று மாலை பெட்டிகளை நான் மறுபடி உருவாக்கிய பிறகு திரும்ப வந்தவை மட்டும் பிழைத்தன. சர்வர் ஒழுங்காக ஓடிய நேரத்தில் வந்தவைதான் போயே போய்விட்டன.

ஒருவர் போனில் கூப்பிட்டு, "உங்க ஆள் வேலையை விட்டுட்டாரா? முகவரியே இல்லைன்னு வருது" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. மாலை 4 மணிக்கு நானே பேனலில் 9 பெட்டிகளையும் மறுபடி உருவாக்கினேன். டிஸ்கில் மெயில் டைரக்டரிகள் அப்படியே இருந்ததால் பழைய மெயில்களாவது கிடைத்தன. 20 மணி நேரம் உங்கள் சர்வர் உலகத்துக்கெல்லாம் எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பத்து வருஷமாகச் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்விட்டது. இனி எங்களுக்கு யார் நம்பி ஒரு வரி எழுதுவார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் எங்களை விட்டுப் போன ஒருவருக்குக் கணக்குப் பிரிவின் மெயில் ஃபார்வர்டு ஆகிக்கொண்டிருந்தது. அவர் போன அன்றே நான் அதை நீக்கினேன். உங்கள் பழைய பேக்கப் அதை உயிர்ப்பித்துவிட்டது. வியாழன் இரவிலிருந்து எங்கள் கணக்குக் கடிதங்கள் அவருடைய சொந்த முகவரிக்குப் போயிருக்கின்றன. நல்ல மனிதர், அவரே கூப்பிட்டுச் சொன்னார். வேறொருவராக இருந்திருந்தால்?

அதற்கு முன்னால், புதன்கிழமை, 42 பேரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னதும் உங்கள் சப்போர்ட்தான். ஒவ்வொரு மேஜையாகப் போய் மாற்றிக் கொடுத்தேன். ரீஸ்டோரில் அதெல்லாம் பழையபடி ஆனது. வெள்ளிக்கிழமை எல்லோருடைய போனும் கணினியும் புதிய பாஸ்வேர்டைக் கொடுத்துக் கொடுத்துத் தோற்றதில் தவறான பாஸ்வேர்டு தொடர்ந்து வந்தால் தடுக்கும் உங்கள் ஃபெயில்டுபேன் எங்கள் அலுவலக ஐபியையே தடுத்துவிட்டது. அதை நீக்க இரண்டு மணி நேரம் லைனில் காத்திருந்தேன்.

டேபிளைத் தொடுவதற்கு முன் போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்ற ஒரே வரியைப் போட்டிருந்தால் போதும். 550 என்று போக வேண்டியதெல்லாம் தற்காலிக மறுப்பாகப் போயிருக்கும், ஒரு மெயிலும் தொலைந்திருக்காது. ஒரு வரி! அல்லது அந்த வியாழக்கிழமை என்னை இரண்டு நிமிடம் பேசவிட்டிருந்தாலாவது இது நடந்திருக்காது.

இன்று காலையும் ஒன்பதரை முதல் பதினொன்று வரை அதே டூ மெனி கனெக்‌ஷன்ஸ். அதாவது மூலக் காரணத்தை இன்றுவரை யாரும் தொடவில்லை.

உங்கள் சேவையை நானே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். அதனால் இன்னும் மரியாதையோடு கேட்கிறேன். முதலில், வியாழன் இரவு 8 முதல் வெள்ளி மாலை 4 வரை 550 கொடுத்துத் திருப்பிய ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்புநர், பெறுநர், நேரம் அடங்கிய பட்டியல் வேண்டும். ரிஜெக்ட் வரியில் மூன்றுமே இருக்கும். பேனலில் கடைசி 2 நாள் லாக்தான் தெரிகிறது, முழு லாக் உங்களிடம்தான். அது சுழன்று அழிவதற்குள் எடுங்கள். அதை வைத்து ஒவ்வொருவருக்கும் நானே எழுதி மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அனுப்பச் சொல்வேன். இது நாளைக்கே வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அந்த ஃபார்வர்டு வழியாக வெளியே போன மெயில்களின் விவரமும் அதே லாக்கில் இருக்கும், அதையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று டேபிள்களையும் ப்ராக்ஸிமேப் வழியாக மாற்றி, இணைப்பு உச்சவரம்பையும் கூட்டிவிட்டு, காலை பத்து மணிக்குச் சோதித்துப் பார்த்து எழுதுங்கள். ராத்திரியில் சோதித்த பதில் வேண்டாம். இந்த மாதக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த அழைப்பைக் கேட்டுவிட்டு, பேசியவரே எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ஆறு டிக்கெட்டுகளும், லாக் வரிகளும், நீங்கள் அனுப்பிய நான்கு தீர்வு மெயில்களும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் டொமைனின் எம்எக்ஸ் ரெக்கார்டு என் கையில்தான் இருக்கிறது, அதை வேறு இடத்துக்கு மாற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். காலை 11 மணிக்குப் பிறகு அனுப்பினால் தாமதமில்லாமல் வந்து சேரும்.

இப்படிக்கு,
42 மெயில்பாக்ஸ்களுக்கும் பொறுப்பானவர்