எடை ஏறினால் நோய் தீர்ந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மலரில் அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்த்து மெலியும் மனநோய்) பற்றிய கட்டுரை, 'எடை பழையபடி ஏறிவிட்டால் நோய் தீர்ந்தது, பிறகும் சாப்பிட மறுப்பது வெறும் பிடிவாதம்' என்று முடிகிறது. தங்கள் மேசையைத் தாண்டி இந்த வரி எப்படி அச்சுக்குப் போனது?

எடை தேறி நெடுநாளான பெண்களின் தண்டுவட நீரை அமெரிக்க மனநல மருத்துவர் வால்டர் கேயின் குழு சோதித்து, 1991-லேயே முடிவை வெளியிட்டுவிட்டது. மனநிலையோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள் நோயின்போது குறைந்து கிடக்கும்; தேறியவர்களிடமோ மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. செரட்டோனின் உண்டாக டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வேண்டும், அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். சாப்பாட்டைக் குறைத்தால் செரட்டோனின் இறங்கி, பதற்றமும் தணிகிறது என்பது கேயின் விளக்கம். தட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளை பதற்றத்திலிருந்து தப்பப் பார்க்கிறாள். அதையா பிடிவாதம் என்பது? எடை மிகவும் குறைந்திருக்கையில் செரட்டோனினை நம்பி வேலை செய்யும் ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை அநேகமாகப் பலன் தராததற்கும் இந்தச் செரட்டோனின் பற்றாக்குறையைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

இதுவும் முதல் தடவையல்ல. வாந்தி எடுத்து மெலியும் பெண்ணைக் கேலிச்சித்திரம் ஆக்கினீர்கள். அந்த வாந்தியில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகும். பட்டினி கிடந்தவருக்கு 'வயிறாரப் போடுங்கள்' என்று கேள்வி-பதிலில் எழுதினீர்கள். திடீரென்று நிறையக் கொடுத்தால் முதல் சில நாட்களிலேயே ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து. தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தம் பார்த்துப் பார்த்து, சிறுகச் சிறுகத்தான் கூட்ட வேண்டும்.

ஊட்டி, குன்னூர் விடுதிப் பள்ளிகளில் இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் இன்னும் அதிகம். இரண்டு ஸ்வெட்டருக்குள் தோள் எலும்பு தெரியாது. விரல் நுனி நீலம் பாரித்தாலும் 'பனிக்காலம்தானே' என்று விட்டுவிடுவார்கள். விரல் முட்டிகளைப் பார்க்க வேண்டும்: விரலை விட்டு வாந்தி எடுப்பவர்களுக்குப் பல் உரசி அங்கே தோல் காய்த்திருக்கும். தேறி வந்த பிள்ளையிடம் 'இப்பதான் ஆளா இருக்கே' என்று மெஸ்ஸில் சொல்லவே கூடாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் வேறு பேச்சுப் பேசிக்கொண்டு கூட உட்கார்ந்திருக்கலாம். எடை ஏறியதும் ஆலோசனையை நிறுத்தவும் கூடாது; மறுபடி நோயில் விழுவது முதல் ஒன்றரை வருடத்துக்குள்தான் அதிகம். அந்த நேரம் பார்த்துத்தான் 'தீர்ந்தது' என்கிறது உங்கள் கட்டுரை.

அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் சேருங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர், குன்னூர்