கைராசி இல்லை என்று சொல்லாதீர்கள் அக்கா

அன்புள்ள சாந்தி அக்காவுக்கு,

"எனக்குக் கைராசி இல்லைப்பா, இனிமே சால்வியாப் பூச்செடி பக்கமே போக மாட்டேன்" என்று போனில் நீங்கள் சொன்னது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடலூர் வண்டிப்பாளையத்தில் உங்கள் வீட்டுக் கொல்லையில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் எப்படிப் பூத்துத் தள்ளும் என்று பார்த்தவன் நான். அந்தக் கைக்குச் சால்வியா வராது என்றால் நம்ப மாட்டேன். நீங்கள் சொன்னதையெல்லாம் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். பாக்கெட்டில் போட்டிருந்த மாதத்தை நம்பி மார்ச்சில் விதைத்தீர்கள். அது பனி பெய்கிற நாட்டுக்காரர்களுக்கு எழுதிய கணக்கு. அவர்களுக்கு அப்போதுதான் குளிர் விட்டு மண் சூடாகும். நமக்கோ நாற்று நாலு இலை விடுவதற்குள் அக்னி நட்சத்திரம் வந்து நின்றுவிடும், அந்த வெயிலில் யார் வைத்தாலும் பிஞ்சு நாற்று தாங்காது.

நம் கடலோரத்தில் சால்வியா பனிக்காலச் செடி. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐப்பசியில் விதை, கார்த்திகைக் கடைசியில் தொட்டி மாற்றல், தையில் பூ, பங்குனி வரைக்கும் ஓடும். இங்கே புதுச்சேரியில் 1826-இல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியைப் பெரும்பாலும் பிப்ரவரியில் வைப்பதும் அதனால்தான், இந்த மாதிரிப் பூக்களுக்கு அதைவிட நல்ல நேரம் இந்தப் பக்கம் கிடையாது. அடுத்த முறை இங்கே வரும்போது போய்ப் பார்ப்போம்.

அப்புறம், எந்தச் சால்வியா என்பதும் முக்கியம். நீங்கள் வாங்கியது கொத்துக் கொத்தாகக் கருஞ்சிவப்பில் குட்டையாக நிற்கிற சால்வியா ஸ்ப்ளெண்டென்ஸ். அதன் சொந்த ஊர் பிரேசில். அழகில் குறை சொல்ல முடியாது, ஆனால் மே மாத வெயிலுக்கு நிற்காது. சால்வியா காக்சினியா என்று ஒன்று இருக்கிறது, பூ சிறிதாக, தண்டு ஒல்லியாக, கொஞ்சம் காட்டுச்செடி போலத்தான் இருக்கும். எனக்கு அதுதான் உயிர். வெயிலைத் தாங்கும், தானே விதை உதிர்த்துப் பக்கத்துத் தொட்டியிலும் முளைக்கும், காலையில் தேன்சிட்டு வந்து தொங்குவதும் அதில்தான். நீலம் வேண்டுமென்றால் ஃபாரினேசியா, அது டெக்சஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி, வெயிலுக்கு அவ்வளவாகப் பயப்படாது. ஊட்டியில் பார்த்து ஆசைப்பட்டீர்களே, வெல்வெட் மாதிரி ஊதாப் பூ, அதைக் கடலூரில் வைக்கச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனசில்லை. அதற்கு மலைக் குளிர்தான் சரி.

சரி, விதைக்கு வருகிறேன். சால்வியா விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். கீரை விதை போல மண் போட்டு மூடிவிட்டால் பாதி முளைக்காது. ஈர மண்மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டு, ஸ்பிரேயரில் தண்ணீர் தெளித்தால் போதும். ஸ்வீட் டப்பாவின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியை மேலே வைத்து, சன்ஷேடுக்குக் கீழே மழை படாமல் வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். முளைத்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும், இது மிக முக்கியம். போன வருஷம் ஐப்பசி அடைமழையில் உங்கள் நாற்றெல்லாம் அடித்தண்டு நூல் போல மெலிந்து ஒரே ராத்திரியில் சாய்ந்தது என்றீர்களே, அது நாற்றழுகல். காற்றோட்டம் இல்லாமல் மண் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை வந்து தண்டை அழித்துவிடும். நெருக்கமாக விதைக்காதீர்கள், மேல்மண் லேசாக உலர்ந்த பிறகு தண்ணீர் காட்டுங்கள்.

மூன்று நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். உங்களுக்கு மனசு வராது, தெரியும். ஆனால் கிள்ளாமல் விட்டால் ஒரே தண்டு ஒட்டகச்சிவிங்கி மாதிரி வளர்ந்து உச்சியில் ஒரு கொத்து பூத்துவிட்டு ஓய்ந்துபோகும். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், துளசித் தண்டு போல நாலு பட்டையாக இருக்கும், இரண்டும் ஒரே குடும்பம். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஒவ்வொரு இலைக் காம்பின் கக்கத்திலும் கடுகளவு பச்சை மொட்டு உட்கார்ந்திருக்கும். நுனி போனதும் அந்த மொட்டுகள்தான் கிளைகளாகக் கிளம்பும், ஒரு பூக்கொத்து வர இருந்த இடத்தில் நாலு வரும்.

மண் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. செம்மண், மண்புழு உரம், ஆற்று மணல், தென்னை நார்க்கழிவு கலந்தால் போதும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. நார்க்கழிவையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், அதிலும் உப்பு இருக்கும். பத்து அங்குலத் தொட்டி, அடி ஓட்டைமேல் ஓட்டுச்சில்லு. யூரியா போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இலைதான் மதமதவென்று வரும், பூ வராது.

எனக்குப் பெரிய சந்தேகம் உங்கள் போர் தண்ணீர் மேல்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது, இலை ஓரம் காய்கிறது என்றீர்கள். உப்பு ஏறுவதன் அடையாளம் அது. மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள், கொசு புகாமல். மாதம் இரண்டு தடவை அந்த நல்ல தண்ணீரை, தொட்டி அடியில் ஒழுகி வெளியேறும் அளவுக்கு ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். மற்ற நாளில் விரலை ஒரு கணு மண்ணுக்குள் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள். தினமும் ஊற்றியே கொல்லப்பட்ட சால்வியாதான் அதிகம்.

பூ வந்ததும் ஒன்று கவனியுங்கள். சிவப்புச் சால்வியாவில் குழல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் சில நாளில் உதிர்ந்துவிடும், ஆனால் அதைத் தாங்கிய புல்லிக் கிண்ணமும் அதே சிவப்பில் இன்னும் பல நாள் நிற்கும். அதனால் இதழ் கொட்டியதும் வெட்ட அவசரப்பட வேண்டாம், கிண்ணம் வெளிறிய பிறகு அடுத்த ஜோடி இலைக்கு மேலே நறுக்குங்கள், மறுபடி தளிர்க்கும். பங்குனியில் மட்டும் சில கொத்துகளை வெட்டாமல் விடுங்கள். கிண்ணம் காய்ந்து பழுப்பானதும் உள்ளே பார்த்தால் நாலு விதை வரை ஒட்டிக்கொண்டிருக்கும். சாய்த்தாலே கொட்டிவிடும் என்பதால் ஒரு காகிதப் பையைக் கொத்தின்மேல் மாட்டிக் கட்டிவிடுவது நல்லது. சித்திரையில் ஸ்ப்ளெண்டென்ஸ் துவண்டால் வருத்தப்படாமல் பிடுங்கி உரக்குழியில் போட்டுவிடுங்கள். அதன் வேலை முடிந்தது. காக்சினியாவைப் பாதிக்கு வெட்டி, காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம் தள்ளி வைத்தால் தப்பித்துக்கொள்ளும்.

வெள்ளை ஈ கட்டாயம் வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் இலைக்கு அடியில் படும்படி அடியுங்கள். மேலே அடித்துப் பிரயோஜனம் இல்லை.

புயலையும் மறக்கக்கூடாது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல், இரண்டும் சரியாக நாம் நாற்று வைத்திருக்கிற நேரத்தில்தான் வந்தன. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்த உடனே தொட்டிகளை மாடியிலிருந்து இறக்கிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் வெளிச்சம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கனமான தொட்டியை நீங்கள் தூக்க வேண்டாம், மாமாவைக் கூப்பிடுங்கள், இடுப்பு முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கடலூர் வருகிறான், அவன் கையில் விதை கொடுத்து அனுப்புகிறேன். சிவப்பு காக்சினியா ஒரு பொட்டலம், நீலம் ஒரு பொட்டலம், மேலே பெயர் எழுதியிருக்கிறேன். ஐப்பசி பிறக்கும் வரை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் பாதியைப் பத்து நாள் கழித்துப் போடுங்கள், மழை ஒரு தடவை அழித்தாலும் இன்னொன்று இருக்கும். நாலு ஜோடி இலை வந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள், எங்கே கிள்ள வேண்டும் என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி,
முத்தியால்பேட்டையிலிருந்து