மோதல் பயிற்சி மட்டும் தற்காப்பு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்ட கொரியச் சண்டைக் கலையான டேக்வாண்டோவில், ‘கியோருகி’ எனப்படும் மோதல் பயிற்சியையே தற்காப்பு என்று கற்பிப்பது கவலையளிக்கிறது. போட்டி விதிப்படி தலையில் உதைக்கலாம். ஆனால் முகத்தில் குத்தவோ எதிராளியைப் பற்றி இழுக்கவோ கூடாது. கைகளைத் தாழ்த்தியே ஆடிப் பழகிய என் மகள், தோழி ஒருத்தி விளையாட்டாக மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததும் செய்வதறியாமல் நின்றாள்; பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி உருவிக்கொள்ளும் எளிய ‘ஹோசின்சுல்’ எனப்படும் தற்காப்பு உத்தியை, மூன்றாண்டுப் பயிற்சியில் எவரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மோதல் பயிற்சி வேண்டாம் என்பதல்ல. தூரத்தைக் கணிக்கவும், அடி விழும்போது பதறாதிருக்கவும் அது மிகவும் அவசியம். வாரத்தில் ஒரு வகுப்பையாவது பிடியிலிருந்து விடுபடும் பயிற்சிக்கு ஒதுக்குமாறு பயிற்றுநர்களை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்